அப்பளக் கடைப் பலகையை நான் பாதுகாத்த விதம்

நடந்தது இதுதான்:

1. அக்காவுக்கு வரன் அமைந்தது.
2. வரன் வீட்டாருடைய கடையின் பெயர்ப்பலகையை மழையிலிருந்து பாதுகாத்துத் தருவதாகச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.
3. பாதுகாத்தேன்.
4. மழை பெய்தது.
5. தெருவில் பெய்த மழை கடைக்குள் வந்தது.
6. நிச்சயதார்த்தத்தன்று காலையில் பலகையில் ஓட்டை போட்டேன்.
7. அந்த நேரத்தில் பலகைக்கு நேர் கீழே மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார்.
8. "பரவாயில்லை" என்றார்.

வேறு ஊராக இருந்தால் ஏழாவது வரியோடு சண்டை நடந்து, எட்டாவது வரியில் சமாதானம் ஆகியிருக்கும். யாங்கோனில் அப்படி இல்லை. இங்கே எட்டாவது வரிதான் பயங்கரம். அடுத்தவர் மனம் கோணிவிடுமே என்று வாயை மூடிக்கொள்வதற்கு பர்மிய மொழியில் ஆனாடே என்று பெயர். இந்த ஊரில் பல தலைமுறை இருந்துவிட்ட தமிழர்களுக்கும் அது தொற்றிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா தமிழர், அமே பர்மியர். (அம்மாவை நாங்கள் அமே என்றுதான் கூப்பிடுவோம்.) ஆகவே எங்களுக்கு அது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது.

நான் சிவில் படித்தவள். ஊரின் ஓரத்தில், ஷ்வேப்யிதாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டியல் போட வேண்டும், சரிபார்க்க வேண்டும், டிக் அடிக்க வேண்டும். டிக் அடித்த எதுவும் உடையாது என்று அப்போது முழுமனதாக நம்பினேன். உலகத்தில் இவ்வளவு துன்பம் இருப்பதற்குக் காரணம் யாரும் சரியாகப் பட்டியல் போடாததுதான் என்றுகூட ஒரு தடவை சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறேன். (அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி பிசைந்தார்.)

அக்கா சுமதிக்கு வந்த வரன் கோ செல்வம். அவருடைய அம்மா டோ காமாட்சி. (டோ என்பது இங்கே பெரிய பெண்களுக்குப் போடும் மரியாதை, கோ என்பது இளைஞர்களுக்கு.) நகர மையத்தில், லத்தாவில் சீனர்களின் மொத்தக் கடைகளுக்கு நடுவே, பழைய செங்கல் கட்டிடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அவர்களுக்கு அப்பளம், வடகம், வற்றல் விற்கும் கடை. முதல் மாடியில் வீடு. கடைக் கதவுக்கு மேலே, செங்கல் சுவரில் போல்ட் போட்டு மாட்டிய நீளமான பலகை. மரச் சட்டத்தில் அறைந்த இரும்புத் தகடு. மேல் வரியில் பர்மிய எழுத்து, நடு வரியில் தமிழ், கீழ் வரியில் உரிமையாளர் ஊ ராமையா என்று டோ காமாட்சியின் கணவர் பெயர். (பெரிய ஆண்களுக்கு ஊ.) ஊ ராமையா காலமாகிவிட்டார். பலகையை மாட்டியது அவர்தான்.

முதல் தடவை நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது, டோ காமாட்சி வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"மழை வந்தாலே எனக்கு இதுதான் கவலை. கீழ வரி ஏற்கெனவே உரியுது. அவர் கையால மாட்டினது."

"நான் பார்த்துத் தரேன் அத்தை. இது என் வேலைதானே," என்றேன்.

அப்பா என் காலை மிதித்தார். அவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நான் நகர்ந்து நின்றேன்.

"உனக்கு எதுக்குத் தமீ சிரமம்," என்றார் டோ காமாட்சி. தமீ என்றால் மகள். வேண்டாம் என்பதை இந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இது தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஆனாலும் சிரமமே இல்லை என்றேன்.

அன்று இரவே இணையத்தில் தேடினேன். செங்கல் சுவரில் மாட்டிய வெளிப்புறப் பலகைகளைக் குளிர்காலத்தில் காப்பது எப்படி என்று ஒரு கையேடு கிடைத்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் எழுதியது. (எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மொகிங்கா நூடுல்ஸ் சாப்பிடுவது. அதுவும் வெயில் வரும் வரைதான்.) அதில் இருந்த தர்க்கம் என்னை மயக்கிவிட்டது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருந்தால் தண்ணீர் புகும், புகுந்த தண்ணீர் உறையும், உறைந்தால் விரியும், விரிந்தால் செங்கல் பிளக்கும், போல்ட் தளரும், ஆகவே இடுக்கை அடைக்கவும். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பனி என்று இருந்த இடத்திலெல்லாம் மழை என்று போட்டுக்கொண்டேன்.

கடைசியில், பனி உருகும்போது செய்ய வேண்டியவை என்று ஒரு பகுதி இருந்தது. உருகிய நீர் வடிவதற்குப் பலகையின் அடியில் கட்டாயம் வழி விடவும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நம் ஊரில்தான் எதுவும் உருகாதே என்று அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டேன்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீடு இருக்கும் இன்சீனிலிருந்து, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஃபோம் டப்பாக்கள், சிலிக்கான் குழாய்கள், தூரிகை சகிதம் போய் இறங்கினேன். கோ செல்வம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேல் இடுக்கு, இரு பக்க இடுக்கு எல்லாவற்றிலும் ஃபோம் அடித்து, அதற்கு மேல் சிலிக்கான் பூசினேன். சுற்றியிருந்த செங்கல்லுக்கு நீர்ப்புகாப் பூச்சு அடித்தேன். கீழ் இடுக்குக்கு வந்தபோது கோ செல்வம் தொண்டையைச் செருமினார்.

"கீழயும் அடைக்கணுமா? மழையில அங்கதான் சொட்டும்."

"அதுக்குத்தான் அடைக்கிறேன்."

அவர் கொஞ்ச நேரம் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க படிச்சவங்க," என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தடையே இல்லை.

மூன்றாவது மாடியிலிருந்து டோ மியா என்ற அம்மாள் எட்டிப் பார்த்தார். கட்டிடத்தின் பாதுகாப்புக்கும் வதந்திக்கும் அவர்தான் பொறுப்பு. "பளபளன்னு இருக்கு, நோ?" என்றார் பர்மிய மொழியில். (நோ என்றால் இல்லையா என்று அர்த்தம்.) எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

பிறகு மழை தொடங்கியது. எங்கள் ஊர் மழை என்பது வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அதை நிமிர்த்த மறந்து போவது. வேலை முடிந்து இன்சீனில் இறங்காமல், நனைந்துகொண்டே லத்தாவரை போய்ப் பார்த்தேன். பலகையின் அடியில் ஒரு சொட்டு இல்லை. முன்பெல்லாம் அங்கே சொட்டிக்கொண்டே இருக்குமாம். நான் தெருவில் நின்று மனத்துக்குள் டிக் அடித்தேன். அந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பராமரிப்புப் பிரிவில் இருப்பவள் கேட்க வேண்டிய கேள்வியே அது ஒன்றுதான்.

தண்ணீர் வெளியிலிருந்து இடுக்கு வழியாக வரவில்லை. மொட்டை மாடிக் குழாய் எங்கோ உடைந்து, பழைய சுண்ணாம்புச் சுவருக்குள்ளேயே இறங்கி, பலகைக்குப் பின்னால் இருந்த செங்கல் இணைப்புகளில் கசிந்து, அடி இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு இருந்த ஒரே வாசல் அது. நான் அதை உயர்ந்த ரக சிலிக்கானால் பூட்டிவிட்டேன். பாதித் தண்ணீர் பலகைக்குப் பின்னால் தேங்கியது. மீதி, உள்பக்கமாகக் கடைக்குள் போனது.

அந்தச் சுவரோரம்தான் அப்பளக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.

இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது கட்டுகள் எல்லாம் கடையின் நடுவே மேசைமேல் இருந்தன.

"ஏன் அத்தை, இடம் மாத்திட்டீங்க?"

"இப்படி வச்சா வியாபாரம் நல்லா ஓடுமாம், தமீ."

சுவரில் பெரிய பெரிய காலண்டர்களாக மாட்டியிருந்தார்கள். ஒரே சுவரில் அவ்வளவு காலண்டர்களை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பக்திமிக்க குடும்பம் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். கிளம்பும்போது எங்களுக்கு ஒரு கட்டு அப்பளம் கொடுத்தனுப்பினார். அமே எண்ணெயில் போட்டாள். அது பொரியவில்லை. நனைந்த கைக்குட்டை மாதிரி எண்ணெயில் கிடந்தது. அப்பா அதை மென்றுகொண்டே, "சொல்லிடாதீங்க, அவங்க மனசு சங்கடப்படும்," என்றார். நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவர்கள் சுவரைச் சொல்லவில்லை, நாங்கள் அப்பளத்தைச் சொல்லவில்லை. இப்படியாக இரண்டு குடும்பமும் மிக நாகரிகமாக நனைந்துகொண்டிருந்தோம்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளைத் தவறவிட முடியாது. பௌத்தர்களுக்கு வா காலம் என்னும் மழைக்கால நோன்பு தொடங்கிவிட்டால், மழை ஓயும்வரை கல்யாணப் பேச்சே கிடையாது. அமே அதில் பிடிவாதம். டோ காமாட்சிக்கு ஆடி ஆகாது. இரண்டு நாட்காட்டியையும் சேர்த்துப் பார்த்தால் சுபகாரியத்துக்கு மிஞ்சுவது ஒரு சந்து அளவுதான். அந்தச் சந்தில்தான் அக்காவின் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

முந்தின நாள் மாலை அக்கா ஃபோனை வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

"வாணி, ஒண்ணு சொல்றேன். சொன்னேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. அவங்க கடைச் சுவர் முழுக்க ஈரமாம். பலகை முன்னால புடைச்சுக்கிட்டு நிக்குதாம். உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னு அத்தை சொல்ல வேணாம்னுட்டாங்களாம்."

நான் வருத்தப்படவில்லை. உடனே ஒரு திட்டம் போட்டேன். (அதுதான் பிரச்சினையே.) மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பூ கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்குத்தான். பூக்கூடைக்கு அடியில் டிரில்லை வைத்துக்கொண்டேன். மின்சாரம் வந்த நேரத்தில் சார்ஜும் போட்டுவிட்டேன். பலகையின் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டால் தண்ணீர் மெதுவாக வடிந்துவிடும். அவர்கள் கீழே இறங்கி வருவதற்குள் முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது, யாருக்கும் சங்கடமில்லை.

போய்ப் பலகையைப் பார்த்தேன். அது நிறைமாதத்தில் இருந்தது.

கோ செல்வம் பட்டு லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக வாசலில் நின்றிருந்தார். டிரில்லைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இப்பவா?"

"ஒரு நிமிஷம்தான். ஏணி எங்க?"

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு போய் ஏணியைக் கொண்டுவந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாங்கோனில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லாம் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. பேப்பர் போடுகிறவரோ மொகிங்கா விற்கிறவரோ பையைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், அவர்கள் இழுத்துக்கொள்வார்கள். டோ மியாவின் கயிறு பலகையை ஒட்டித்தான் தொங்கியது. என் திட்டத்தில் கயிறு இல்லை.

டிரில் தகட்டைத் துளைத்த அதே கணத்தில் கயிறு அதன் நுனியில் சுற்றிக்கொண்டது. மேலே மணி விடாமல் அடித்தது. டோ மியா அப்போது காலை உணவுக்காகக் காத்திருந்தார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவர் இழுத்தார். ஆரோக்கியமான பெண்மணி. டிரில் என் கையிலிருந்து உருவிக்கொண்டு மேலே போனது. போகிற போக்கில் என் சின்ன ஓட்டையை ஒரு முழத்துக்குக் கிழித்துவிட்டுப் போனது.

அதே நேரத்தில் டோ காமாட்சி கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். சீர்த்தட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், கணவர் மாட்டிய பலகைக்கு அதைக் காட்டிக் கற்பூரம் ஏற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பலகைக்கு நேர் கீழே வந்து நின்று, தட்டை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

துருவும் சுண்ணாம்பும் கலந்த, மழை தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த தண்ணீர். மெதுவாக வடியவில்லை.

கற்பூரம் அணைந்தது. தட்டிலிருந்த வெற்றிலை மிதந்தது. சந்தன நிறப் பட்டுப் புடவை செங்கல் நிறமானது. மூன்றாவது மாடியிலிருந்து குரல் வந்தது: "நான் மொகிங்காதானே சொன்னேன்?"

நான் ஏணியிலேயே நின்றேன். இறங்கினால் ஏதாவது பேச வேண்டியிருக்கும். டோ காமாட்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அணைந்த கற்பூரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பரவாயில்லை, தமீ. பார்த்து இறங்கு. வழுக்கும்."

அன்று நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. நல்ல நேரம் போய்விட்டது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபோன் வந்தது. எந்த நாள் என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பற்றிய ஆராய்ச்சிதான்.

"எப்படிச் சொன்னாங்க? சொல்லிக் காட்டு," என்பாள் அமே.

"பரவாயில்லை தமீன்னு."

"தமீன்னு சொன்னாங்களா? அப்ப சம்மதம்தான்."

"கற்பூரம் அணைஞ்சு போச்சே," என்பார் அப்பா.

"போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"எப்படிக் கேக்கிறது? அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

அக்கா கோ செல்வத்திடம் ஃபோனில் கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றார் அவர். நீங்கள் கேளுங்களேன் என்றாள். எப்படிக் கேட்பது, ஆனாடே என்றார். சந்து மூடியது. வா காலம் வந்தது, ஆடி வந்தது, மழை நிற்கவே இல்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைப்பாள். என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

பேச முடியாதவளுக்கு வேலைதான் கதி. ஞாயிற்றுக்கிழமைதோறும் லத்தாவுக்குப் போய் நான் அடைத்ததையெல்லாம் சுரண்டினேன். உயர்ந்த ரக சிலிக்கான் உயர்ந்த ரகம்தான். கத்தி வளைந்தது, நகம் போயிற்று. பலகையைக் கழற்றியபோது அதோடு சுவரின் பூச்சும் பாளம் பாளமாக வந்தது. தகட்டின் அடிப்பகுதி துருவேறிப் பொடிந்துவிட்டது. உரிமையாளர் ஊ ராமையா என்ற வரி முழுவதும் என் கையோடு வந்துவிட்டது. அத்தனை வருஷ மழை செய்யாததை என் பாதுகாப்பு ஒரே பருவத்தில் செய்து முடித்திருந்தது.

டோ காமாட்சி ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தேநீர் அனுப்புவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நானும் குடித்துவிட்டுச் சுரண்டுவேன்.

அப்படி ஒரு ஞாயிறு, நான் ஏணியில் இருந்தபோது அக்கா வந்து நின்றாள். வருவதாக அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குடையை மடக்கிவிட்டு நேராகக் கடைக்குள் போனாள். கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். கல்யாணம் உண்டா, இல்லையா?"

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் யாரிடமும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. என் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது.

டோ காமாட்சி சொன்னார்: "அதை நீங்கதான் சொல்லணும்மா. வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"நாங்களா?"

"பின்ன? வாரா வாரம் தங்கச்சியை அனுப்புறீங்க. வந்து, ஒரு வார்த்தை பேசாம, போட்டதையெல்லாம் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போகுது. கணக்கைத் தீர்த்துட்டு ஒதுங்கிக்கப் போறாங்க, அதான் பாக்கி வைக்காம சுத்தம் பண்றாங்கன்னு நெனச்சேன். கேக்கலாம்னுதான் டீ குடுத்துப் பார்த்தேன். குடிச்சிட்டு மறுபடி சுரண்டுது."

நான் ஏணியின் மேல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அதாவது, என் தவறு பாதிக் கல்யாணத்தைக் கெடுத்திருந்தது. மீதியை என் பிராயச்சித்தம் கெடுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. பல வாரங்களுக்குப் பிறகு. அது கொஞ்சம் அழுகை மாதிரியும் இருந்தது. டோ காமாட்சி வாசலுக்கு வந்து, "இறங்கி வா தமீ, போதும் சுரண்டினது," என்றார். கோ செல்வம் ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓடிவந்தார். யாரும் கூப்பிடவில்லை.

வா காலம் முடிந்து, தெருவெல்லாம் விளக்கு வைத்து, ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் போட்ட அப்பளம் நன்றாகப் பொரிந்திருந்தது. டோ மியா மேடைக்கு வந்து மணமக்களை வாழ்த்திவிட்டு, என் டிரில்லைக் காகிதத்தில் சுற்றி எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் பாதுகாப்பது என்ற சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது. பால் பொங்கிப் போனால், "பாதுகாத்துட்டியா?" என்று கேட்கிறார்கள். அப்பா புதிதாக ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். நான் அதைப் பார்க்கக் கையை நீட்டினேன். "வேணாம்மா, பாதுகாத்துடாதே," என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோ செல்வம் மட்டும் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அவருக்கு இன்னும் சங்கடம்.

இன்றைய நிலவரம் வருமாறு. அக்கா லத்தாவில் இருக்கிறாள்; நன்றாக இருக்கிறாள். மாமியாரிடம் எதையும் நேரடியாகக் கேட்கிறாள். அந்தக் கட்டிடத்துக்கே அது புதுப் பழக்கம். பழைய பலகை, கீழ் வரி இல்லாமல், கடைக்குள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வெளிச் சுவரில் அது இருந்த இடம் நீளமாக, வெறுமையாகத் தெரிகிறது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுப் பலகை என்று சொல்லியிருக்கிறார்கள். சுவர் இன்னும் காயவில்லை. புதுப் பலகையை யார் மாட்டப் போகிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.